ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(பள்ளி அறிவியல் கழகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆசிரியர் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து கன உலோகங்களை நீக்குவது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அறிவிப்புப் பலகையில் இதைப் படித்த ஓர் அம்மா, "ஏங்க சார், இது படிச்சவங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் வீட்டில் அப்பாவும் பால்வெட்டு, அம்மாவும் பால்வெட்டு. இன்று அப்படியா இருக்கிறது? வீட்டுக்கு ஒருவராவது கையுறைத் தொழிற்சாலைக்கும், முலாம் பூசும் பட்டறைக்கும், மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலைக்கும் விடியுமுன்னே பஸ் ஏறுகிறார்கள். அங்கே கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திருகுகிற கை நம்ம கை. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிற ஆற்றில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிற பையனும் நம்ம பையன். ஆகவே இது நம் சமாச்சாரம்தான், அம்மா.

முதலில் தோட்டத்து ஸ்டோரிலிருந்தே தொடங்குகிறேன். பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, கட்டியை மிஷினில் கொடுத்துச் சீட்டாக எடுத்த பிறகு, புளித்த வாடையோடு ஒரு தண்ணீர் மிஞ்சும். அந்தக் காலத்தில் அது நேரே ஓடைக்குத்தான் போனது. மீன் செத்து மிதக்கும். ஓடையோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1974ஆம் ஆண்டு நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிகள் வந்தன. அதன் பிறகுதான் ஆலைகளின் பின்புறத்தில் வரிசை வரிசையாகக் குளங்கள் வெட்டினார்கள். அந்தக் குளங்களைப் பார்க்காத பிள்ளை நம் பள்ளியில் இருக்க முடியாது.

குளம் என்ன செய்கிறது? ரப்பர்த் தண்ணீரிலும் எண்ணெய் ஆலைத் தண்ணீரிலும் இருப்பவை புரதம், சர்க்கரை, கொழுப்பு போன்ற உயிர்ப்பொருள்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்கின்றன. ஆற்றில் வைத்துத் தின்றால் ஆற்றிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ஆற்றுக்குப் போகுமுன்னே குளத்தில் வைத்துத் தின்ன விடுகிறோம். நாள்கள் செல்லச் செல்ல அழுக்கு அழுகி, உடைந்து, காற்றாகவும் சேறாகவும் போய்விடுகிறது. நாம் செய்வதெல்லாம் காத்திருப்பதுதான்.

உலோகத்திடம் இந்த வித்தை பலிக்காது. ஈயத்தைத் தின்று ஒழித்துவிடுகிற புழு உலகத்தில் இல்லை. காட்மியம் அழுகாது. பாதரசத்தை எரித்தால் ஆவியாகி வேறோர் ஊரில் இறங்கும். நுண்ணுயிர்கள் உலோகத்தின் வடிவத்தை மாற்றலாம். சில நேரம் முன்னைவிடக் கொடிய வடிவமாகவும் மாற்றிவிடும். ஆனால் இல்லாமல் ஆக்க முடியாது. இன்று ஆற்றில் விழுந்த ஒரு கிராம் ஈயம் உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் எங்கோ ஒரு கிராம் ஈயமாகவே இருக்கும். ஆகவே 'நீக்குதல்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். நீக்கினீர்கள் சரி, நீக்கியதை எங்கே வைத்தீர்கள்?

இந்த உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையுறை செய்யும்போது ரப்பர் பாலோடு கந்தகமும் துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளும் கலக்கிறார்கள். ரப்பர் இறுகி வலுப்பெற அது வேண்டும். தொட்டி கழுவும்போதும் கையுறை கழுவும்போதும் அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். முலாம் பட்டறையிலிருந்து குரோமியம், நிக்கல், செம்பு வரும். மின்னணுப் பலகை செய்யும் இடத்திலிருந்து செம்பு. பழைய கார் பேட்டரிகளை உருக்கும் இடத்திலிருந்து ஈயம். எல்லாம் ஒரே மாதிரிக் கெடுதி என்று சொல்ல மாட்டேன். துத்தநாகம் நம் உடம்புக்குச் சிறிதளவு தேவைப்படுவது. மீனுக்குத்தான் அது சற்றுக் கூடினாலும் நஞ்சு. ஆனால் ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கும். பாதரசம் நரம்பைத் தாக்கும். கால்வாயோரம் தானாக முளைத்து நிற்கும் கங்கோங் கீரையை நம் வீடுகளில் ஆசையாய்ப் பறிக்கிறோம். தண்ணீரில் உள்ள உலோகத்தை அந்தக் கீரை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொழிற்பேட்டைக்குக் கீழே ஓடும் லோங்கானில் அதைப் பறிக்க வேண்டாம் என்று தாய்மார்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது? 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் அளவுகள் இருக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடுவதானால் ஏ தரம், மற்ற இடங்களுக்கு பி தரம். துத்தநாகம் இரண்டிலுமே லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஈயம் ஏ தரத்தில் 0.10, பி தரத்தில் 0.5. பாதரசம் ஏ தரத்தில் 0.005 மில்லிகிராம். இந்தக் கடைசி எண்ணைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். நம் வகுப்பறை ஒன்றின் கதவையும் சன்னலையும் அடைத்துத் தரையிலிருந்து உத்தரம் வரை தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். அத்தனை தண்ணீரில் ஒரே ஒரு கிராம் பாதரசம் இருந்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் ஆகாது.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொன்னது சிக்கனத்துக்காக. இந்தக் காலத்தில் அது அப்படியே சட்டமாகிவிட்டது, பாருங்கள்!

இனி, உலோகத்தைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். பால் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் பார்க்கத் தண்ணீர்போல ஓடுகிறது. ஆசிட் விட்டதும் ரப்பர் வேறு, தண்ணீர் வேறு என்று பிரிகிறது. ஆசிட் குறைந்தால் உறையாது, கூடினால் சீட்டு கெடும். உலோகத்துக்கும் இப்படி ஒரு பக்குவம் உண்டு. ஆனால் இங்கே வேண்டியது ஆசிட் அல்ல, அதற்கு நேர் எதிரான சுண்ணாம்பு.

மேசைமேல் இருக்கும் பாட்டிலைப் பாருங்கள். இதில் மயில்துத்தம் கரைத்த தண்ணீர் இருக்கிறது. மயில்துத்தம் செம்பின் உப்பு. நீல நிறம், ஆனால் கண்ணாடிபோலத் தெளிவு. துணியில் வடிகட்டிக் காட்டுகிறேன், ஒன்றும் நிற்கவில்லை. செம்பு அவ்வளவு நன்றாகக் கரைந்திருக்கிறது. இப்போது பாட்டி வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். பாலைத் திரித்ததுபோல வெளிர்நீலத்தில் கூழாகிறது அல்லவா? கால்மணி நேரம் ஆடாமல் வைத்தால் கூழ் அடியில் இறங்கும், மேலே நிறமில்லாத தண்ணீர் நிற்கும். தண்ணீரில் ஒளிந்திருந்த செம்பு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. (கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "குடிக்கலாமா சார்?" என்றான். கூடாது. யாரும் வீட்டில் போய் இதைச் செய்து பார்க்கவும் கூடாது.)

பெரிய தொழிற்சாலையிலும் அடிப்படை இதுதான். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ விடுகிறார்கள். கூழ் சீக்கிரம் திரண்டு இறங்குவதற்குப் படிகாரமும், ஒட்ட வைக்கும் ஒருவகை மருந்தும் சேர்க்கிறார்கள். அகன்ற தொட்டியில் தெளிய விட்டு, மேல் தண்ணீரை வெளியே விட்டு, அடிக்கூழை அழுத்திப் பிழிந்து கட்டியாக எடுக்கிறார்கள்.

கேட்பதற்குச் சுலபம். கஷ்டம் பக்குவத்தில்தான் இருக்கிறது. தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற எண்ணால் அளக்கிறோம்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குரோமியம் 8 வாக்கில் நன்றாக இறங்கும். செம்பு 9ஐ ஒட்டி. துத்தநாகத்துக்கு 9இலிருந்து 10. நிக்கலுக்கு 10க்கும் மேல். காட்மியத்துக்கு 11 வரைகூடப் போக வேண்டும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காரத்தை ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஏற்றினால், இறங்கி உட்கார்ந்த குரோமியமும் துத்தநாகமும் மறுபடி கரைந்து மேலே வந்துவிடும்! ஐந்து உலோகம் கலந்த தண்ணீரை ஒரே தொட்டியில் ஒரே தடவையில் சுத்தம் செய்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், அந்த ஐந்தில் எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

குரோமியத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. முலாம் தொட்டியில் இருக்கும் மஞ்சள் நிறக் குரோமியம் சுண்ணாம்புக்கு மசியவே மசியாது. தோலைப் புண்ணாக்குவதும் புற்றுநோய் தருவதும் அந்த வகைதான். முதலில் தண்ணீரை நன்றாக அமிலமாக்கி, பி.எச். 2, 3 அளவுக்குக் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போட வேண்டும். மஞ்சள் பச்சையாக மாறும். அதன் பிறகே சுண்ணாம்பு. நடுவில் உள்ள படியைத் தாண்டிவிட்டால் குரோமியம் அப்படியே ஆற்றுக்குப் போய்விடும், தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

முலாம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். தலைப்புக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில பட்டறைகளில் சயனைடு கலந்த தொட்டி இருக்கும். அந்தத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். வேலையில் சேர்ந்த முதல் நாளே எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கேட்டால் கேலி செய்வார்கள் என்று வெட்கப்பட வேண்டாம்.

சுண்ணாம்பு வழி ஒன்றுதானா? இல்லை. கடைசியாக மிஞ்சும் மிகச் சிறிய அளவைப் பிடிக்க, உலோகத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன. கரித்தூள் இருக்கிறது. நம் நாட்டு ஆய்வாளர்கள் செம்பனைக் கொட்டையின் ஓடு, நெல் உமி, ரப்பர் மரத்தூள் என்று பலவற்றையும் சோதித்திருக்கிறார்கள். ரப்பர் மர இலையைக் காயவைத்துப் பொடியாக்கி, செம்பையும் ஈயத்தையும் அது பிடித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். வருடாவருடம் நிரையில் உதிர்ந்து கிடக்கும் இலை! ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையில் நடப்பது தொழிற்சாலையில் நாளெல்லாம் நடக்குமா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், பிசினும் கரியும் இலைப்பொடியும் ஒருநாள் நிறைந்துவிடும். நிறைந்ததை எங்கே வைப்பது? மறுபடியும் அதே கேள்விதான்.

அந்தக் கேள்விக்கே வருகிறேன். ஒரு கணக்குப் போடுவோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கூடவே போடுங்கள். ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தண்ணீர் விடுகிறது, லிட்டருக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 5 கிலோ. சட்டப்படி 2 மில்லிகிராமுக்கு இறக்கினால் ஆற்றுக்குப் போவது 200 கிராம். தொட்டியின் அடியில் நிற்பது 4.8 கிலோ. வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் ஆற்றுக்கு 60 கிலோ, தொட்டியில் 1,440 கிலோ. இது வெறும் உலோகத்தின் எடை. ஈரக் கூழாக எடுக்கும்போது இதைப்போலப் பல மடங்கு நிறுக்கும். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் தொழிற்சாலையிலிருந்தும் ஆற்றுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்கிறது என்பதையும் இந்தக் கணக்கிலேயே கண்டுகொள்ளலாம்.

அடியில் தங்கிய கூழ் என்ன ஆகும்? பாட்டிலை மறுபடி எடுக்கிறேன். நீலக் கூழின்மேல், சமையலுக்குப் பசாரில் வாங்கும் சூக்கா, அதாவது வினிகர், விடுகிறேன். கலக்குகிறேன். பார்த்தீர்களா? கூழ் மறைந்து, நீலம் தண்ணீருக்குத் திரும்பிவிட்டது. உறைந்த ரப்பரைத் திரும்பப் பாலாக்க முடியாது. உலோகத்தை எளிதில் திரும்பக் கரைத்துவிடலாம். கூழைக் கொண்டுபோய் வெறும் மண்ணில் கொட்டினால், புளித்த மண்ணும் மழையும் சேர்ந்து இந்த வினிகர் வேலையைத்தான் செய்யும்.

ஆகவேதான் 2005ஆம் ஆண்டின் விதிகள் உலோகக் கூழைப் பட்டியலிட்ட கழிவு என்று வகுத்திருக்கின்றன. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் அப்படி ஓர் இடம் 1998 முதல் இயங்கி வருகிறது. அங்கே இத்தகைய கூழைச் சிமெண்டு போன்றவற்றோடு கலந்து கெட்டியாக்கி, கசியாத விரிப்புப் போட்ட குழியில் புதைக்கிறார்கள். இதற்கெல்லாம் பணம் செலவாகும். செலவுக்கு அஞ்சுகிறவர் இரவில் லோரி பிடித்துச் செம்பனைக் காட்டுக்குள் கொட்டுகிறார். இத்தகைய செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்துத்தான் வருகிறோம். ஆற்றில் போயிருந்தால் ஊரெல்லாம் பரவியிருக்கும் நஞ்சை ஒரே இடத்தில் குவித்து, நாம் கிணறு வெட்டும் நிலத்தில் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் நீக்குதலா?

இன்னொரு குறுக்குவழி, நல்ல தண்ணீரைக் கலப்பது. 20 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரோடு பத்து மடங்கு தண்ணீர் கலந்தால் எண் 2க்குக் கீழே இறங்கிவிடும். உலோகம் ஒரு கிராம்கூடக் குறையாது. நம் நாட்டு விதிகள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் மழை விதி பார்த்தா பெய்கிறது? ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். "சார், மழை கொட்டுற ராத்திரியா பாத்துத்தான் பின்பக்க வால்வைத் திறக்கச் சொல்வாங்க. ஆறு பெருகி ஓடுறப்ப யாருக்குத் தெரியப் போவுது?" அவர் முகம் வாடியிருந்தது. முடியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. வீட்டில் மூன்று பிள்ளைகள். இப்படிப்பட்டவரைப் பார்த்து, "நீங்கள் தைரியமாக மறுத்திருக்க வேண்டும்" என்று மேடையிலிருந்து பேசுவது சுலபம். நான் பேச மாட்டேன். இரவுவேலை ஆள் ஒருவருடைய மனச்சாட்சியை மட்டும் நம்பி ஓர் ஆற்றை விட்டுவைப்பது தவறு என்பதே என் எண்ணம். அதற்கு இரண்டு சாட்சிகள் சொல்கிறேன். இரண்டும் ஜப்பானில் நடந்தவை.

முதலாவது மினமாட்டா. கடலோர மீனவர் ஊர். அங்கே சிசோ என்ற கம்பெனி 1932 முதல் பாதரசத்தைப் பயன்படுத்தி ஒரு வேதிப்பொருள் செய்து, கழிவை விரிகுடாவில் விட்டது. பூனைகள் தள்ளாடிச் செத்தன. பிறகு மனிதர்கள். கை நடுங்கும், பார்வை குறுகும், பேச்சு குழறும். 1956 மே மாதம் இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. 1959 அக்டோபரில் கம்பெனி மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ஹொசோகாவாவே தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்து, அதற்கு அந்த நோய் வந்ததைக் கண்டார். கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. அடுத்த டிசம்பரில், சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திறப்பு விழா நடந்தது. பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கம்பெனித் தலைவர் ஒரு கிளாஸ் தண்ணீரை வாங்கி, எல்லார் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். ஊர் நம்பிவிட்டது.

அந்தத் தொட்டி கரைந்திருக்கும் பாதரசத்தை நீக்குவதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. கலங்கலைத் தெளிய வைக்கும் தொட்டி அது. பாதரசம் வரும் தண்ணீர் அப்போது அதன் வழியாகப் போகவுமில்லை. இது பின்னாளில் வழக்கு விசாரணையில் வெளிவந்தது. 1968 மே மாதம் வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கருவிலிருந்த குழந்தைகளையும் அது விடவில்லை. விரிகுடாவின் அடிச்சேற்றைத் தோண்டி மூடும் வேலை 1977இல் தொடங்கி 1990 வரை நடந்தது. ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேறு. அந்தக் கிளாஸ் தண்ணீர் நிச்சயம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். மயில்துத்தத் தண்ணீராவது நீல நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்தது. பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் தண்ணீரில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இரண்டாவது, தொயாமா மாநிலத்தில் ஜின்சூ ஆற்றங்கரை. மேலே கமியோக்கா என்ற இடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் மித்சூயி கம்பெனியின் சுரங்கம். துத்தநாகத் தாதுவில் காட்மியம் கூடவே வரும். அது ஆற்றில் இறங்கி, வயலில் பாய்ந்து, அரிசியில் ஏறியது. பிள்ளை பெற்று, வயலில் உழைத்து, நடுவயதைத் தாண்டிய பெண்களைத்தான் அந்த நோய் அதிகம் பிடித்தது. எலும்பு மெலிந்து, இருமினாலே முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று கதறினார்கள். "வலிக்குது, வலிக்குது" என்று பொருள். அதுவே நோயின் பெயராயிற்று. உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபோரு 1961இல் காட்மியம்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊராரிலேயே சிலர் அவர்மேல் வருத்தப்பட்டார்கள். நம் அரிசியை யார் வாங்குவார்கள், நம் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலை. அந்தக் கவலை நமக்குப் புரியாததல்ல.

1968இல் வழக்குத் தொடுத்தார்கள். 1971இல் வென்றார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்து 1972 ஆகஸ்டில் அதிலும் தோற்றது. தீர்ப்புக்குப் பிறகு பேச்சுவார்த்தைக்குப் போன விவசாயிகள் நோய்க்கு ஈடும், மண்ணைச் சீராக்கும் செலவும் கேட்டார்கள். அதோடு நிற்காமல் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள். நினைத்தபோது அறிஞர்களை அழைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கும் உரிமை. செலவு கம்பெனியுடையது. அது முதல் ஆண்டுதோறும் போகிறார்கள். வயலில் நிற்கும் மனிதர்கள் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, குழாய்க்குக் குழாய், அணைக்கு அணை பார்த்து, மாதிரித் தண்ணீர் எடுத்து, எங்கே கசிகிறது என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள். கம்பெனி ஒவ்வொன்றாக அடைத்தது. பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் ஜின்சூ ஆற்றில் காட்மியம் இயற்கையாக இருக்கும் அளவை ஒட்டி இறங்கிவிட்டது. சுமார் 860 எக்டர் வயல்மண்ணைச் சீராக்கும் வேலை 2012இல் முடிந்தது.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். முதல் ஊரில் ஒரு தொட்டியைக் கட்டிக் காட்டினார்கள். இரண்டாவது ஊரில் மக்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். சுண்ணாம்பும் படிகாரமும் பிசினும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

நம் நாட்டில் ஊர் மக்களுக்கு அப்படிப்பட்ட உரிமை எழுத்தில் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2009 விதிகளின்படி சுத்திகரிப்பு வேலையைத் தகுதிபெற்ற ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை அளந்து பதிவு வைக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறை, அதாவது ஜபாத்தான் அலாம் செகித்தார், அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் அத்துறைக்கு எழுதலாம். எந்த வாய்க்கால், எந்த நாள், எத்தனை மணி, மழை பெய்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டு எழுதினால் அது புகார். "ஆறு கெட்டுப்போச்சு" என்று மட்டும் எழுதினால் அது புலம்பல். எழுதத் தயக்கம் உள்ளவர்கள் மாலையில் பள்ளிக்கு வாருங்கள், மலாயில் எழுதித் தருகிறோம். அடுத்த தவணையில் நம் அறிவியல் கழகப் பிள்ளைகளைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்க்க அழைத்துப் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் அனுமதியோடு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை ஞாபகமூட்டுக் கடிதம் போடுவோம்.

அந்தப் பாட்டிலில் உள்ள நீலத் தண்ணீரைப் பற்றி ஒரு மாணவி கேட்டிருந்தாள். மறுபடி சுண்ணாம்பு விட்டு இறக்கி, மூடி போட்டு, பெயர் எழுதி அறிவியல் அறை அலமாரியில் பூட்டி வைக்கப் போகிறோம். லோங்கானில் ஊற்ற மாட்டோம்.

தேநீரும் வடையும் ஆறிக்கொண்டிருக்கின்றன என்று சங்கச் செயலாளர் சைகை காட்டுகிறார். மற்ற கேள்விகளை அங்கே கேளுங்கள்.